பாலி மரமும் தாவரவழி நெகிழியும்: எல்லைமலைக் காடுகள் சொல்லும் ஒரு பொருள் வரலாறு

தாவரங்களிலிருந்து பெறப்படும் நெகிழி, இருபத்தோராம் நூற்றாண்டின் புதுமையாகவே இன்று பேசப்படுகிறது. மக்காச்சோளம், கரும்பு, மரவள்ளி ஆகியவற்றிலிருந்து செய்யப்படும் பைகளும் தட்டுகளும் சுழற்சிப் பொருளாதாரத்தின் அடையாளங்களாக முன்வைக்கப்படுகின்றன. பொருளியல் வரலாற்றின் வரிசையோ இதற்கு நேர்மாறானது. உலகச் சந்தையில் முதலில் பெருவணிகமான நெகிழி, பெட்ரோலியத்திலிருந்து வந்ததன்று. மரத்தின் பாலிலிருந்து வந்தது. அந்த வரலாற்றின் அதிகம் அறியப்படாத ஓர் அத்தியாயம், தமிழ்நாட்டை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் மலைக்காடுகளோடு தொடர்புடையது. 'தாவரவழி' என்ற அடைமொழி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை விளங்கிக்கொள்ள அந்த அத்தியாயம் உதவும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'பிளாஸ்டிக்' என்ற சொல்லின் கிரேக்க மூலம் 'வார்க்கத்தக்கது, உருக்கொடுக்கத்தக்கது' என்று பொருள்படும். தமிழில் அதற்கு இணையாக நிலைத்துவிட்ட 'நெகிழி', 'நெகிழ்' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. இரண்டு சொற்களும் பொருளின் தன்மையைக் குறிக்கின்றன. எதிலிருந்து வந்தது என்பதையோ, இறுதியில் என்ன ஆகும் என்பதையோ குறிப்பதில்லை. 'தாவரவழி' என்பது தோற்றுவாயைக் குறிக்கிறது. 'மக்கும்' என்பது முடிவைக் குறிக்கிறது. தன்மை, தோற்றுவாய், முடிவு ஆகிய மூன்றும் தனித்தனி அச்சுகள். ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்க முடியாது. இன்றைய விளம்பர மொழி இம்மூன்றையும் 'பசுமை' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. கடந்த 180 ஆண்டுகளின் வரலாறு அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

கட்டாப்பெர்ச்சா: முதல் தாவரவழி நெகிழி

மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளரும் பலாக்குவியம் இன மரங்களின் பாலை, அங்குள்ள மக்கள் நெடுங்காலமாகக் கத்திப் பிடிகளுக்கும் பிற கருவிகளுக்கும் பயன்படுத்திவந்தனர். வெந்நீரில் இட்டால் அது களிமண்போல் இளகும், விரும்பிய வடிவில் பிசையலாம், ஆறியதும் இறுகிவிடும். மீண்டும் வெந்நீரில் இட்டால் மீண்டும் இளகும். வெப்பத்தால் இளகும் நெகிழிகளுக்கு இன்று வேதியியல் தரும் வரையறையும் இதுவே. சிங்கப்பூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரியும், அங்கு வாழ்ந்த போர்த்துக்கீசியர் ஜோசே டி அல்மெய்டாவும் 1843இல் இப்பொருளை லண்டனின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். பிசினைக் குறிக்கும் 'கெத்தா' என்ற மலாய்ச் சொல் ஆங்கிலத்தில் 'கட்டா' ஆயிற்று. பொருள் 'கட்டாப்பெர்ச்சா' என்று பெயர்பெற்றது.

சில ஆண்டுகளிலேயே கோல்ஃப் பந்து, குழாய், அலங்காரப் பொருள், காலணி அடிப்பகுதி என்று அதன் பயன் விரிந்தது. பல் மருத்துவத்திலும் அது நுழைந்தது. வேர்க்குழல் சிகிச்சையில் பல்லின் உட்குழலை அடைக்க இன்றளவும் பயன்படுவது கட்டாப்பெர்ச்சாவே. ஆயினும் அதன் உண்மையான சந்தையைத் திறந்தது தந்தித்துறை. கட்டாப்பெர்ச்சா சிறந்த மின்காப்புப் பொருள் என்பதை மைக்கேல் ஃபாரடே 1848இல் எழுதினார். கடல்நீரின் குளிரிலும் இருளிலும் அது கெடுவதில்லை. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திவடமும், 1866இல் நிலையாகச் செயல்படத் தொடங்கிய அட்லாண்டிக் வடமும், 1870இல் சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாயை எட்டிய வடமும் கட்டாப்பெர்ச்சா உறை போர்த்தவை. பேரரசின் செய்திப் பரிமாற்றம் முழுவதும் ஒரு காட்டுமரத்தின் பாலை நம்பியிருந்தது.

அந்தப் பால் எடுக்கப்பட்ட முறையைக் கவனிக்க வேண்டும். ரப்பர் மரத்தைக் கீறினால் பால் வடிந்துகொண்டே இருக்கும். கட்டாப்பெர்ச்சாவின் பால் அவ்வாறு ஒழுகுவதில்லை; கீறிய இடத்திலேயே விரைவில் உறைந்துவிடும். ஆகவே மரத்தை வெட்டிச் சாய்த்து, அடிமரம் நெடுக வளையம் வளையமாகப் பட்டையை அறுத்து, வெட்டுவாயில் திரண்டதைச் சுரண்டி எடுத்தனர். பல பத்தாண்டுகள் வளர்ந்த ஒரு மரம் தந்தது சில ராத்தல்களுக்கு மேல் இல்லை. சிங்கப்பூர்த் தீவில் தாமாக வளர்ந்திருந்த மரங்கள் வணிகம் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. அதன்பின் கோடரி அண்டைத் தீவுகளின் காடுகளுக்குச் சென்றது. பொருள் புதுப்பிக்கத்தக்கதுதான், புதுப்பிக்கும் கால அளவு மரத்துக்கு ஒன்றாகவும் சந்தைக்கு வேறொன்றாகவும் இருந்தது.

தெற்கே ஒரு தேடல்

மலாய்க் காடுகள் குறையக் குறைய, மாற்று மரங்களுக்கான தேடல் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகள் எங்கும் பரவியது. மேற்குத் தொடர்ச்சி மலையும் அத்தேடலுக்குள் வந்தது. அக்காலத்தில் இன்றைய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் நிலப்பகுதி மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தது: பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், நெல்லியாம்பதி மலை கொச்சி அரசில், இடுக்கியின் மலைகள் திருவிதாங்கூரில். இடுக்கி தனி மாவட்டமானது 1972இல்தான்.

1840 முதல் 1860 வரை திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்தவர் வில்லியம் கல்லன். தாவரவியலில் ஈடுபாடு கொண்ட படைத்தளபதி. இம்மலைகளில் ஓங்கி வளரும் ஒரு மரத்தின் பால் கட்டாப்பெர்ச்சாவை ஒத்திருப்பதைக் கண்டு, 1850களில் அதனைப் பிறர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளூர்ப் பெயரை ஆங்கில ஆவணங்கள் 'பாச்சோண்டி' என ஒலிக்கும்படி எழுதின. சென்னை மாகாணத்தின் முதல் காட்டுப் பாதுகாவலரான ஹியூ கிளெக்ஹார்ன், 'மேற்குக் கரையின் இந்தியக் கட்டா மரம்' என்று அதனைக் குறிப்பிட்டு 1858இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆனைமலையின் உயர் மலைகளுக்கு அவர் பயணம் மேற்கொண்டதும் அதே ஆண்டில்தான்.

அந்த மரம், இன்று தாவரவியலில் பலாக்குவியம் எலிப்டிகம் என்று அழைக்கப்படுவது. மலையாளத்தில் 'பாலி' எனப்படும். பாலை, வெட்பாலை, ஏழிலைப்பாலை என்று பால் வடியும் மரங்களை அவ்வடியாலேயே பெயரிடும் மரபு இம்மொழிகளுக்கு உரியது. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மரங்களை அப்பெயர்கள் ஒரு பண்பால் இணைக்கின்றன. மரத்தில் கீறலிட்டுப் பார்க்கும் முன்பே, அது பால் தரும் என்ற அறிவு அப்பெயரில் பதிந்திருந்தது. ஐரோப்பியத் தாவரவியலாளருக்கு 'கண்டுபிடிப்பு' ஆனது, காட்டில் வாழ்ந்தோருக்கு மரப்பெயரின் பொருளாகவே இருந்தது.

சோதனைகளின் முடிவு வணிகர்களுக்கு உவப்பாக இல்லை. பாலி மரத்தின் பால் வெந்நீரில் இளகியது, உருவேற்றது. ஆனால் அதில் பிசின்தன்மை மிகுதி. ஆறியபோது நொறுங்கியது, வெப்பம் பட்டபோது கையில் ஒட்டியது. கடலடியில் பல ஆண்டுகள் தாங்கவேண்டிய வடத்துக்கு அது ஏற்றதன்று. மலாய்க் கட்டாப்பெர்ச்சாவுக்கு மாற்றாகும் என்ற எதிர்பார்ப்பு மெல்லக் கைவிடப்பட்டது.

தரம் குறைந்தது என்ற தீர்ப்பினால், பாலுக்காக வெட்டப்படும் விதியிலிருந்து அம்மரம் தப்பியது. இதை எந்தக் காப்புக் கொள்கையின் வெற்றியாகவும் கொள்ள இயலாது. தரம் மட்டும் மேம்பட்டிருந்தால், சிங்கப்பூரில் நடந்தது நெல்லியாம்பதியிலும் ஏலமலையிலும் நடந்திருக்கும் என்று கருத இடமுண்டு. பிற்காலத்தில் அதே மரம் ஒட்டுப்பலகைக்கும் பெட்டிகளுக்கும் வெட்டப்பட்டது. அது வாழ்ந்த காடுகளின் பெரும்பரப்பு தேயிலைக்கும் காப்பிக்கும் இடம்விட்டது. இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் மட்டும் நிழல்மரமாக அது ஓரளவு நின்றது. தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் எல்லை கடந்து வேலைக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளர்கள் ஏலம் பறிப்பது, இத்தகைய காட்டுமரங்களின் நிழலில்தான்.

மற்றொரு பெயர்த்தடமும் உண்டு. இதே காடுகளில் வளரும், முள்நிறைந்த காய் காய்க்கும் வெடிப்பலாவுக்கு, கல்லனின் நினைவாக 'கல்லேனியா' என்று ராபர்ட் வைட் பெயரிட்டார். 1980களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளை வகைப்படுத்திய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ழான்-பியேர் பாஸ்கல், தெற்குமலைகளின் நடுஉயரக் காட்டை 'கல்லேனியா – மெசுவா – பலாக்குவியம்' வகை என்றார்: வெடிப்பலா, நாங்கு, பாலி. கட்டாப்பெர்ச்சா தேடிய அதிகாரியின் பெயரும் அவர் தேடிய மரத்தின் பெயரும் ஒரே காட்டுப்பெயரில் அருகருகே நிற்கின்றன. அக்காட்டின் மேற்கவிகையில் வாழும் சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்குக்கு வெடிப்பலாவும் பாலியும் முதன்மையான உணவு மரங்கள். 1858இல் ஆராயப்பட்டது ஒரு மரத்தின் பால் மட்டுமே. அந்த மரம் ஒரு காட்டின் தூண் என்பது வணிகக் கணக்கில் இடம்பெறவில்லை.

ரப்பர்: மரம் நிலைத்தது, பொருள் உருகவில்லை

தாவரவழிப் பொருளின் மற்றொரு பாதையையும் இதே நிலப்பரப்பு கண்டது. அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் ஜோசப் மர்ஃபியும் கூட்டாளிகளும் 1902இல் பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காட்டில் ரப்பர் பயிரிட்டனர். இந்தியாவின் வணிக ரப்பர்த் தோட்ட வரலாறு அங்குத் தொடங்குவதாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இடுக்கி மலைகளின் அடிவாரம் அது. பின்னர் தொடுபுழை வட்டாரத்திலும், பாலக்காட்டின் மண்ணார்க்காடு வட்டாரத்திலும் ரப்பர் பரவியது.

வேதியியல் நோக்கில் ரப்பரும் கட்டாப்பெர்ச்சாவும் உடன்பிறப்புகள். இரண்டும் ஐசோப்ரீன் என்ற ஒரே அலகின் நீண்ட தொடர்கள். அலகுகள் இணையும் திசை மட்டும் வேறு: ரப்பரில் 'சிஸ்' அமைப்பு, கட்டாப்பெர்ச்சாவில் 'டிரான்ஸ்' அமைப்பு. ஒரே எழுத்துகள் இடம்மாறி வேறு சொல்லாவதுபோல், ஒன்று மீள்தன்மை உடையதாகவும் மற்றொன்று விறைப்பானதாகவும் அமைந்தன.

சுழற்சி என்ற அளவுகோலை வைத்தால் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் நிற்கின்றன. கட்டாப்பெர்ச்சாவில் மரம் அழிந்தது; பொருளோ எத்தனை முறையும் உருக்கி வார்க்கத்தக்கது. ரப்பரில் மரம் நிலைத்தது. அதே மரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டலாம், பால் வற்றிய பின் மரம் அறைகலன் ஆகும். பொருளின் நிலையோ வேறு. சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தபடி கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பரில், தொடர்களுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் உருவாகின்றன. அதன்பின் அதனை மீண்டும் உருக்கி வார்க்க இயலாது. மீட்பு ரப்பர் செய்யும் முறைகள் இருந்தும் அது புதிய ரப்பரின் தரத்தை எட்டுவதில்லை. தேய்ந்த டயர்க் குவியல்கள் இன்றும் தீராத சிக்கலாக இருப்பதன் காரணம் இது.

இரண்டுமே முழுமையாகத் தாவரவழி. ஒன்றில் தோற்றுவாய் அறுந்தது. மற்றொன்றில் முடிவு அடைபட்டது. சுழற்சி என்பது இவ்விரு முனைகளும் சேர்ந்து அமையும் ஏற்பாடு. பொருள் எந்த மூலத்திலிருந்து வந்தது என்பது மட்டும் அதனை உறுதிசெய்வதில்லை.

கடல் திருப்பித் தந்த பலகைகள்

'தாவரவழி' எனில் இயற்கையில் தானே கரைந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் கட்டாப்பெர்ச்சா வரலாற்றில் ஒரு மறுப்பு உண்டு. மரங்களை வெட்டும் முறைக்கு மாற்றாக, டச்சு ஆட்சியின்கீழ் இருந்த ஜாவாவில் 1885 முதல் சிப்பெத்திர் என்ற தோட்டம் உருவானது. அங்குப் பின்னாளில் இலைகளிலிருந்தே கட்டாப்பெர்ச்சா பிரித்தெடுக்கப்பட்டது. மரம் நிற்க, இலை மட்டும் பறிக்கப்பட்டது. தோற்றுவாய் முனையில் அது உண்மையான முன்னேற்றம். அத்தோட்டத்தின் பெயர் பொறித்த கட்டாப்பெர்ச்சாப் பலகைகள், ஒரு நூற்றாண்டு கழித்து, 2010களில் இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் கரையொதுங்கிச் செய்தியாயின. 1917இல் மூழ்கடிக்கப்பட்ட மியாசாகி மாரு என்ற ஜப்பானியக் கப்பலின் சரக்கு அது என்று பெரிதும் கருதப்படுகிறது. பலகைகளில் எழுத்துகள் படிக்கும் நிலையில் இருந்தன. இலையிலிருந்து பிறந்த நெகிழி நூறாண்டு கடலில் கிடந்தும் மட்கவில்லை. வடத்துக்கு வேண்டிய நற்பண்பு, கழிவானபோது தீப்பண்பாக மாறியது.

1933இல் பாலிஎத்திலீன் கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அது கட்டாப்பெர்ச்சாவின் இடத்தைப் பிடித்தது. 1956இல் இடப்பட்ட முதல் அட்லாண்டிக் தொலைபேசி வடம் பாலிஎத்திலீன் உறையுடையது. பெட்ரோலிய நெகிழி வந்ததால் காட்டுமரங்கள் மீதான அழுத்தம் குறைந்தது என்பதும் இவ்வரலாற்றின் முரண்களில் ஒன்று.

58 டிகிரி என்ற நிபந்தனை

இப்பின்னணியோடு இன்றைய எல்லைக்கு வரலாம். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலும், கேரளம் 2020 ஜனவரி 1 முதலும் தடை விதித்தன. குறிப்பிட்ட பொருள்களுக்கான இந்திய அளவிலான தடை 2022 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், உரமாகத்தக்க நெகிழியைத் தனிவகையாக ஏற்று, அதற்கு ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தரத்தை வரையறுக்கின்றன. வாளையாறு, கோவிந்தாபுரம், குமுளி, போடிமெட்டு வழியாகச் செல்லும் சரக்குகளிலும் கடைவீதிகளிலும் காணப்படும் 'மக்கும் பை'களுக்குச் சட்ட அடிப்படை இது.

அத்தரத்தின் உட்பொருள் பையின் மேலுள்ள சொல்லைவிடக் குறுகியது. சோதனை, ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் காக்கப்படும் உரக்கூடச் சூழலில் நடைபெறுகிறது. 180 நாள்களுக்குள் கரிமத்தில் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாறவேண்டும். பாலிலாக்டிக் அமிலம் போன்ற தாவரவழி நெகிழிகள் விரைந்து சிதைவதற்கு இத்தகைய வெப்பம் தேவை. பாலக்காட்டின் கொடுங்கோடைகூட நாற்பது டிகிரியை ஒட்டியே நிற்கும். இடுக்கியின் மூணாறு, வட்டவடைப் பகுதிகளிலோ ஜனவரி இரவுகள் உறைநிலையைத் தொடும். மலைச்சரிவில் எறியப்பட்ட பை 'மக்கும்' என்ற சொல்லை உடையது. மக்குவதற்கான சூழலை உடையதன்று.

அடுத்தது பிரித்தெடுப்பு. கேரளத்தில் ஹரித கர்ம சேனையின் பெண்கள் வீடுவீடாகச் சென்று மக்காத கழிவைச் சேகரிக்கின்றனர். உணவுக் கழிவைக் குடும்பங்களும் உள்ளாட்சிகளும் உரமாக்குகின்றன. உரமாகத்தக்க பை தோற்றத்தில் சாதாரணப் பாலிஎத்திலீன் பையைப் போன்றது. அது மக்காத கழிவுக்குள் சென்றால் மறுசுழற்சிக்குரிய பாலிஎத்திலீனின் தரத்தைக் கெடுக்கும். வீட்டு உரக்குழிக்குள் சென்றால், போதிய வெப்பம் இன்றி நெடுநாள் கிடக்கும். அதற்கென அமைந்த மூன்றாவது வழி, சேகரிப்பும் வெப்பம் காக்கும் உரக்கூடமும் சேர்ந்தது. அவ்வழி இல்லாத ஊரில், தாவரத்திலிருந்து வந்தது என்ற உண்மை கழிவுக் கணக்கில் எதையும் மாற்றுவதில்லை.

தோற்றுவாய் முனையிலும் 1850களின் கேள்வி அப்படியே நிற்கிறது. கேரளத்துக்கு மரவள்ளி புதிதன்று. 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதனை ஊக்குவித்தார். பஞ்ச காலங்களில் ஏழைகளின் உணவாக அது நின்றது. தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் வட்டாரங்களின் ஜவ்வரிசி, மாவு ஆலைகள் அதனை நம்பியுள்ளன. மரவள்ளி மாவிலிருந்து நெகிழி செய்வதாயின், எந்த நிலத்தில், எந்த நீரில், எவருடைய உணவுக்குப் போட்டியாக அது விளைகிறது என்று கேட்கவேண்டும். மலைச்சரிவில் கிழங்கு அகழும்போது மண் இளகி அரிப்புக்கு ஆளாகும் என்பதை இடுக்கியின் உழவர்கள் அறிவர். ஆலைக்கழிவான திப்பியிலிருந்து பொருள் செய்வதும், புதிய நிலத்தைக் கிழங்குக்குத் திருத்துவதும் ஒரே 'தாவரவழி' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. விளைவிலோ அவை முற்றிலும் வேறானவை.

ஆகவே ஒரு தாவரவழி நெகிழியை மதிப்பிடும்போது மூன்று கேள்விகளைப் பிரித்துக் கேட்பது பயன்தரும். மூலத்தாவரம் மீண்டும் வளரும் வேகத்துக்குள் எடுக்கப்படுகிறதா? பயன்பாட்டுக்குப் பின் அதே பொருளாகவோ வேறு பொருளாகவோ மீண்டும் உருப்பெற முடிகிறதா? முடியாதபோது, அது மண்ணுக்குத் திரும்பத் தேவையான சூழல் அப்பொருள் விற்கப்படும் ஊரில் உள்ளதா? கட்டாப்பெர்ச்சா முதல் கேள்வியில் தோற்றது, ரப்பர் இரண்டாவதில், இன்றைய பை பெரும்பாலும் மூன்றாவதில்.

சொல்லளவில் செய்யத்தக்க திருத்தம் ஒன்றும் உண்டு. எல்லைப்பகுதிக் கடைகளில் தமிழும் மலையாளமும் ஒருங்கே புழங்குகின்றன. பையின் மேல் 'மக்கும்' என்று வெறுமனே அச்சிடுவதற்கு மாறாக, 'உரக்கூடத்தில் மட்டும் மக்கும். வீட்டுக் குழியிலோ காட்டிலோ மக்காது. தனியே ஒப்படைக்கவும்' என்று இரு மொழிகளிலும் அச்சிடலாம். பொருளின் வேதியியலை அது மாற்றாது. பையைக் கையில் வாங்குபவருக்கும், வாசலில் நின்று கழிவைப் பிரிக்கும் தொழிலாளிக்கும் எதை எங்கே இடவேண்டும் என்பதை அது சொல்லும்.